துணியில்லாமல் ஓடிய மிஷின்

அத்தியாயம் 9

ஆரோக்கியம் என்கிற ஆளைக் கடைசியாகப் பார்த்தது ஒரு துணி துவைக்கிற மிஷின். அதற்கு வாய் கிடையாது. அந்த வாயில்லாத சாட்சியை விசாரிக்கத்தான் துப்பறியும் ராஜாராமும், அவருடைய உதவியாள் தோமினிக்காகிய நானும் வாடகை சைக்கிள்களில் சிங்கவரம் சாலையில் போய்க்கொண்டிருந்தோம்.

செஞ்சி வாடகை சைக்கிள்களில் பிரேக் பிடிக்கிறது ஒன்று, பெல் அடிக்கிறது ஒன்று. இரண்டும் சேர்ந்தது கிடையாது. சார் பிரேக்கை எடுத்துக்கொண்டு எனக்குப் பெல்லைக் கொடுத்துவிட்டார். முதலாளிக்கு உயிர், தொழிலாளிக்குச் சத்தம்! வானம் கறுத்துக் கிடந்தது. ராஜகிரி மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டதால் உச்சியே தெரியவில்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. இந்த மாதிரிப் பகல் எனக்குப் பிடிக்காது.

“ஜோசப்பின் அம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு” என்றார் சார்.

ஜோசப்பின் என்பது அந்த அம்மாவின் பெயர்; செஞ்சியில் சின்னதாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறவர். பிரசவ ஆஸ்பத்திரி என்றால் துணி மலைபோல் குவியும். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு துவைக்கிற மிஷின் வாங்கலாம் என்று நினைத்திருக்கிறார். சிங்கவரம் சாலையில் இருதயநாதன் என்கிற சைகோன்காரர் வந்து இறங்கியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், குடும்பம் இல்லாதவர். கப்பலில் கொண்டுவந்த மிஷினை விற்கப்போவதாக மாதா கோவிலில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்து வரத்தான் அம்மா தன் தம்பி ஆரோக்கியத்தை அனுப்பினார். பம்பாய்த் துறைமுகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் அக்காவிடம் வந்து சேர்ந்தவன். போனவன் போனவன்தான். ஒன்றரை மாதமாகிறது.

“ஏட்டு போய் விசாரிச்சாரு சார். ‘வந்தான், பாத்தான், மிஷினு பெருசா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டான்’னு சைகோன்காரரு சொல்லியிருக்காரு. அந்தம்மா ஒரு தபா நேர்ல போச்சு. கேட்டு பூட்டியிருந்துதாம். எவ்ளோ கூப்பிட்டும் ஆள் வரல. உள்ள மிஷினு ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சாம்.”

“கடைசியா ஒண்ணு சொன்னாங்களே?”

“‘உயிரோட இருக்கானா, அது ஒண்ணு தெரிஞ்சா போதும் சார்’னு சொல்லுச்சு.”

அதைச் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. நான் ஊரைச் சிரிக்க வைக்கிறவன். ஆனால் அந்த அம்மாள் அதைச் சொன்னபோது கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பிரசவ அறைக்குள் யாரோ கத்தினார்கள், கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்களிடம் இருந்த அடையாளங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, ஆரோக்கியம் கோவிலில் முதல் தடவை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கியபோது எடுத்த போட்டோ. பத்து வயதுப் பையன், கையில் மெழுகுவத்தி. அதை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வயது ஆளைத் தேடுவது, விதையைக் காட்டி மரத்தைத் தேடுகிற மாதிரி. இரண்டாவது, அவன் கழுத்தில் கிடக்கும் உத்தரியம்.

“உத்தரியம்னா சரியா என்ன?” என்று முந்தின நாளே சார் கேட்டிருந்தார்.

“பழுப்புக் கம்பளித்துணி ரெண்டு துண்டு சார். கயித்துல கோத்து ஒண்ணு மார்ல, ஒண்ணு முதுவுல தொங்கும். சாவுற நேரத்துல அது கழுத்துல இருந்தா நரகம் இல்லேன்னு மாதா குடுத்த வாக்கு. குளிக்கிறப்பகூட கழட்ட மாட்டோம். என் கழுத்துலயும் இருக்குது.”

“உனக்கு அது அவசியம்தான்” என்றார் சார்.

தம்பி வந்த அன்றே கயிறு அறுந்திருந்ததைப் பார்த்து ஜோசப்பின் அம்மா தைத்துக் கொடுத்திருக்கிறார். கைக்குக் கிடைத்தது காயத்துக்குத் தையல் போடுகிற கறுப்புப் பட்டு நூல். ஆக, பழுப்பு உத்தரியம், கறுப்பு ஆஸ்பத்திரித் தையல். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும்.

சைகோன்காரரின் பங்களாவுக்கு முன்னால் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு அம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சார் சைக்கிளை நிறுத்தினார்.

“ஏம்மா, இந்த வீட்ல துணி துவைக்கிற மிஷின் இருக்காமே?”

“இருக்குதா?” என்று அவள் சிரித்தாள். பெயர் செல்லம்மாள். “பொழுதினிக்கும் தடதடன்னு ஓடுது சாமி. நாங்க கொல்லையில கால் வச்சா போதும், ஆரம்பிச்சுரும். ஒண்டி ஆளுக்கு அவ்ளோ துணி எங்கேர்ந்துதான் வருதோ!”

“துவைச்ச துணியை எங்கே காயப்போடுறாரு?”

செல்லம்மாள் வாயைத் திறந்தாள். பங்களாவைப் பார்த்தாள். திறந்த வாயோடு எங்களைப் பார்த்தாள்.

“அட, ஆமா! கொடியில ஒரு கோமணத்தைக்கூட நான் கண்டதில்லியே.”

சார் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். துவைத்த துணி காய வேண்டாமா? காயாத துணியை ஒருவன் ஏன் துவைக்கிறான்? ரத்தக்கறை படிந்த துணி ஒன்று என் மனசுக்குள் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தது.

இரும்பு கேட்டைத் தட்டினேன். உள்ளே யாரோ நடக்கிற சத்தம். நேராகக் கேட்டுக்கு வரவில்லை, வீட்டின் பின்பக்கம் போனது. அடுத்த நிமிஷம் தடதடவென்று மிஷின் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் கேட்டுக்கு ஆள் வந்தான்.

நல்ல தாடி. முழுக்கை ஜிப்பா, கழுத்துவரை பொத்தான். வெயில் கண்ணாடி வேறு, சூரியனே இல்லாத நாளில்!

“மாதா கோவில் சாமியார் சொன்னாருங்க” என்றார் சார், பணிவின் சிகரமாக. “திண்டிவனத்துல லாட்ஜ் வச்சிருக்கேன். மிஷின் விக்கிறதா...”

“மெர்சி. விக்கிறதில்ல.”

“வாங்க வரலீங்க. பாண்டிச்சேரியில வேற ஒண்ணு பேசி வச்சிருக்கு. பழசு வாங்கினா எதைப் பாக்கணும்னு தெரியல. உங்களோடதை ஒரு தரம் பாத்தா நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம். சாமியார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

சாமியார் பெயர் இரண்டாம் தடவை வந்ததும் அந்த ஆள் யோசித்தான். வேண்டாமென்று விரட்டினால் சாமியாரே கேட்க வருவார். கேட்டைத் திறந்தான்.

“மெர்சி. சீக்கிரம் பாத்துட்டுப் போங்க.”

பிரெஞ்சுக்காரனிடம் அத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு, பிரெஞ்சில் நன்றி என்று அர்த்தமுள்ள அந்த ஒரே வார்த்தைதான்: வாங்க என்றாலும் மெர்சி, போங்க என்றாலும் மெர்சி. எங்கள் ஊரான மண்டகப்பட்டிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கறிகாய் கொண்டுபோகிறவன்கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் பேசுவான். நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பின்பக்கம் ஓடு வேய்ந்த கொட்டகை. அங்கே மிஷின் நின்றது. நாலு கால், வெள்ளைத் தொட்டி, மேலே கரும்பு பிழிகிற மாதிரி இரண்டு ரப்பர் உருளை. துவைத்த துணியை உருளைக்கு நடுவே கொடுத்தால் பிழிந்து அந்தப் பக்கம் தள்ளும். கிணறு கிழக்கே, தண்ணீர் போகிற வாய்க்காலும் கிழக்கே. மிஷின் மட்டும் மேற்கே, மூட்டை அடுக்குகிற அறைக் கதவை ஒட்டினாற்போல் நின்றது. கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

நான் எட்டித் தொட்டிக்குள் பார்த்தேன். நெஞ்சு திக்கென்றது. ரத்தக்கறையைப் பார்த்து இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் துடுப்பு மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை.

சார் எதையும் பார்க்காதவர் போல வேலையை ஆரம்பித்தார். பாண்டிச்சேரியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்ட பாடத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டார். குனிந்து தொட்டியின் அடிப்பக்கம் தடவி, “துரு இல்ல, நல்லது” என்றார். உருளையை அழுத்திப் பார்த்து, “ரப்பர் வெடிக்கல” என்றார். “உருளை சுத்துமா?” என்று கேட்டார். அந்த ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு கைப்பிடியைத் தள்ளினான். உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. சத்தம் இன்னும் கூடிற்று.

“பிரமாதம்! இப்ப கொஞ்சம் நிறுத்துங்க.”

“எதுக்கு?”

“பழைய மிஷின் வாங்கறவன் முக்கியமா அதைத்தான் பாக்கணுமாம். ஓடுறப்ப எல்லா மிஷினும் நல்லாத்தான் ஓடும். நிறுத்துறப்பதான் பேரிங் தேஞ்சிருக்கான்னு காதுல கேக்குமாம். நிறுத்துங்க, கேட்டுட்டுப் போயிடறோம்.”

“நிறுத்த முடியாது.”

“ஒரே நிமிஷம்...”

“நிறுத்தினா மறுபடி கெளம்பாது. பாத்தது போதும். போங்க.”

நாங்கள் கேட்டைத் தட்டிய பிறகுதான் அது கிளம்பியது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

சார் பெருமூச்சு விட்டார். கூரையிலிருந்து முன்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகும் மின்கம்பியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். “தோமினிக், மழை வரும்போல இருக்கு. சைக்கிளைத் தாழ்வாரத்துல தள்ளு.”

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன் நான். தாழ்வாரத்துக்கு ஓடினேன். மெயின் போர்டு சுவரில் இருந்தது. பியூஸ் கட்டையைப் பிடித்தேன். மாதாவே என்று சொல்லி இழுத்தேன்.

மிஷின் முனகிக்கொண்டே அடங்கியது. வீடு முழுக்க மௌனம். கொல்லையில் செல்லம்மாளின் களைக்கொட்டு மண்ணில் உரசுவதுகூடக் கேட்டது.

அப்புறம் அது கேட்டது.

தொம். தொம். தொம்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து, மரக்கதவில், காலால் உதைக்கிற சத்தம். அதோடு ஒரு மனிதக் குரல். வார்த்தை புரியவில்லை. கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

உயிரோடு இருக்கிறான்! ஆரோக்கியம் உயிரோடு இருக்கிறான்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நொடி கொட்டகையில் ஏதோ கவிழ்ந்தது, சாரின் குரல் கேட்டது.

“தோமினிக்! பியூஸைப் போடு!”

இழுத்தவனைப் போடச் சொல்கிறாரே என்று யோசிக்க நேரமில்லை. போட்டேன். மிஷின் தடதடத்தது. கூடவே ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தேன். கடப்பாரை ஒன்று தரையில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மிஷினுக்கு மேலாக எட்டி அடிக்க வந்திருக்கிறான். சார் அவன் ஜிப்பாக் கையின் நுனியைப் பிடித்து, நின்றிருந்த உருளைகளுக்கு நடுவில் செருகியிருந்தார். மின்சாரம் வந்ததும் உருளை தன் வேலையைச் செய்துவிட்டது. முழங்கைவரை துணி உள்ளே போய், ஆள் மிஷின்மேல் குப்புறக் கிடந்தான். சார் நிதானமாகக் கைப்பிடியைத் தள்ளி உருளையை மட்டும் நிறுத்தினார்.

“ரப்பர் நல்ல ரப்பர்தான்” என்றார், மூச்சு வாங்க.

இழுத்த இழுப்பில் ஜிப்பாவின் பொத்தான்கள் தெறித்திருந்தன. கழுத்து திறந்து கிடந்தது. அதில் ஒரு பழுப்புக் கயிறு. கயிற்றில் முடிச்சு முடிச்சாகக் கறுப்புப் பட்டு நூல்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

“சண்டாளா! அடைச்சு வச்சதுமில்லாம அவன் உத்தரியத்தையும் புடுங்கிப் போட்டுக்கினியா? நீயெல்லாம் வேதக்காரனா?”

“கத்தாதே தோமினிக்” என்றார் சார். “கதவைத் திறக்கறதுக்கு முன்னால ஒரு கேள்வி. இன்னொருத்தன் உத்தரியத்தை நீ போட்டுப்பியா?”

“நான் ஏன் சார் போடறேன்? அது என்னா ரவலுக்கு வாங்குற சாமானா? அவனவனுக்கு மந்திரிச்சு அவனவன் கழுத்துல போட்டது.”

“சரி. நீ ஒரு மகா பாவம் பண்ணிட்டேன்னு வச்சுக்கோ. ஊருக்குப் பயந்து பேரை மாத்துறே, தாடி வளக்கறே, கறுப்புக் கண்ணாடி போடறே. அடையாளம் எல்லாத்தையும் அழிக்கறே. கழுத்துல இருக்கறதைக் கழட்டி எறிவியா?”

“எப்படி சார் எறிவேன்? பாவம் பண்ணவனுக்குத்தான அது ரொம்ப...”

நான் அந்தத் தாடிக்காரனைப் பார்த்தேன். கண்ணாடி கீழே விழுந்து உடைந்திருந்தது. ஜோசப்பின் அம்மாவின் கண்கள் அந்த முகத்தில் இருந்தன. அதே நீளம், அதே இமை. மெழுகுவத்தி பிடித்த பத்து வயதுப் பையனுக்கும் அதே கண்கள்தான். ஒன்றரை மாதமாக ஊர் தேடிய ஆள் என் எதிரில் மூச்சிரைத்துக் கிடந்தான்.

“ஆரோக்கியம்” என்றார் சார்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சாவி அவன் மடியில் இருந்தது. கதவைத் திறந்தேன். மூட்டைகளுக்கு நடுவே, கை இரண்டும் பின்னால் கட்டப்பட்டு, எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான்தான் இருதயநாதன்” என்றார். அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று ஒன்றரை மாதமாகக் காத்திருந்தவர், சொல்லிவிட்டு அழுதார்.

செல்லம்மாள் ஓடிப்போய் ஏட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். அவள் புருஷன் வீராசாமி வண்டி பூட்டிக்கொண்டு வந்தான். பெரியவருக்கு உடனே வைத்தியம் வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி ஒன்றுதான். அது ஜோசப்பின் அம்மாவின் ஆஸ்பத்திரி.

“நீ கூட்டிக்கிட்டுப் போ” என்றார் சார். “ஏட்டு வர்ற வரைக்கும் நான் இவனோட இருக்கணும். அந்த அம்மாகிட்ட நீயே சொல்லிடு.”

“சார், நான் ஜோக் அடிக்கிறவன். இதெல்லாம் என்கிட்ட குடுக்காதீங்க.”

“என்னாலயும் முடியாது தோமினிக்” என்றார் சார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வண்டியில் இருதயநாதன் மெதுவாகப் பேசினார். “மிஷினு பாக்க வந்தான். நல்ல புள்ளையாத்தான் பேசினான். காப்பி போட்டுக் குடுத்தேன். எனக்கு யாரும் இல்ல, ஊர்ல என் மூஞ்சி தெரிஞ்சவங்ககூட ரெண்டு மூணு பேருதான்னு நானே சொன்னேன். மேசைமேல பென்ஷன் காயிதம் கெடந்துது. அதையே பாத்துக்கினு இருந்தான். தனியா இருக்கேன்னு வெளியாள்கிட்ட சொல்லக் கூடாது தம்பி.”

“உங்கள ஏன் உயிரோட வச்சிருந்தான்?”

“பென்ஷன் வாங்க என் கையெழுத்து வேணுமே. என் பேர்ல பிரெஞ்சு சீமைக்குக் கப்பலேறுற வரைக்கும் என் கை வேணும்.” மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். “மிஷினு ஓட ஆரம்பிச்சா எனக்குச் சந்தோஷமா இருக்கும். வாசல்ல யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். அப்பத்தான் கால்ல பலம் இருக்கிற வரைக்கும் ஒதைப்பேன். அவங்க போனதும் மிஷினும் நின்னுடும்.”

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் ஜோசப்பின் அம்மா ஓடி வந்தார். வண்டிக்குள் வேகமாகத் தேடின கண்கள், பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அணைந்தன. ஆனாலும் கைகள் நிற்கவில்லை. பெரியவரைப் படுக்க வைத்தார். பால் கொடுக்கச் சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டியவர், மணிக்கட்டுகளைப் பார்த்து அப்படியே நின்றார். கயிறு அறுத்துச் சதை தெரிந்தது.

“தம்பி, இது யாரு? யாரு இப்பிடி...”

“அந்த பங்களாவுல பூட்டி வச்சிருந்தாங்கம்மா” என்றேன்.

அம்மாள் வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு இன்னொன்றைச் சுற்றும்போது பெரியவர் முனகினார். ஜோசப்பின் அம்மாவின் முகம் சிவந்தது.

“மனுசனா அவன்? மாட்டைக்கூட இப்பிடிக் கட்ட மாட்டாங்களே! கட்டினவன் கை அழுவிப் போவ. அவனைப் பெத்த வயிறு...”

“வேணாம்மா” என்றார் பெரியவர். கட்டுப் போட்ட கையால் அவருடைய கையைத் தொட்டார். “சாபம் போடாத.”

“போடாம? ஒங்களை இந்தக் கெதி பண்ணவனுக்கா பரிஞ்சு பேசுறீங்க?”

“மிஷினு பாக்க வந்தவன் மொத நாள் சொன்னான். எங்க அக்கா ஆஸ்பத்திரிக்கு, ராவும் பகலும் அது கையாலயே துவைக்குதுன்னு. அந்த அக்கா நீதானம்மா?”

ஜோசப்பின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையைக் கீழே போட்டேன். அது போதுமாக இருந்தது அவருக்கு.

துணிச்சுருளைக் கையில் பிடித்தபடியே, “உயிரோட இருக்கானா?” என்று கேட்டார்.

“இருக்காரும்மா.”

தலையை ஆட்டினார். ஒன்றரை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதில் அதுதான். அவர் அழவில்லை. இன்னொரு கையில் பாதி சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு, பஞ்சை மாற்றி, முதலிலிருந்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

“இறுக்கமா இருந்தா சொல்லுங்க பெரியவரே” என்றார்.